மூச்சும் நரம்பும்



பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் மாணவன் ஒருவன் இருந்தான். கரும்பலகை துடைக்கும் முறை வரும்போதெல்லாம், மூச்சு முட்டுகின்றதென்று ஒதுங்குவான். சோம்பல் என்றெண்ணி ஒருநாள் வற்புறுத்தினேன். சுண்ணத்தூளின் நடுவே தோள்கள் உயர, நெஞ்சு இழுக்க, சொல் எழாது அவன் நின்ற காட்சி இன்றும் என்னை உறுத்துகின்றது. அன்று நான் அறியாதிருந்ததைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

தொய்வு எனப்படும் ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் அழற்சியுற்று வீங்குகின்றது, சூழ்ந்துள்ள தசை சுருங்குகின்றது, சளி மிகுகின்றது. இது பலரும் அறிந்ததே. ஆயின், அக்குழாய்களில் நுண்ணிய நரம்புகளும் ஓடுகின்றன என்பதை நாம் நினைப்பதில்லை.

நரம்பின் வளர்ச்சியைத் தூண்டும் புரதம் ஒன்றுண்டு. அதைக் கண்டறிந்தவர் ரீற்றா லெவி-மொந்தால்சினி என்னும் இத்தாலியப் பெண்மணி. 1938 இல் முசோலினி அரசின் இனச்சட்டங்கள், யூதரான அவருக்குப் பல்கலைக்கழகத்தின் கதவை அடைத்தன. அவரோ தம் படுக்கையறையையே ஆய்வுகூடமாக்கிக் கோழிக்கருவின் நரம்புகளை ஆராய்ந்தார். 1950களில், அமெரிக்காவிற் பணியாற்றிய காலத்தில், இப்பொருளை இனங்கண்டார். ஸ்ரான்லி கோஹன் அதனைப் பிரித்தெடுத்தார். இருவரும் 1986 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நரம்பை வளர்க்கும் பொருளுக்கும் மூச்சுக்கும் தொடர்பு யாது? பிறந்த எலிக்குட்டிகளுக்கு இப்புரதத்தைச் செலுத்தியபோது, ஒவ்வாமையில் முதன்மை பெறும் மாஸ்ற் கலங்கள் பெருகியதை 1977 இல் அவரும் அவருடைய சகாவும் வெளியிட்டனர். ஆஸ்துமா உடையோரின் குருதியில் இப்புரதம் மிகுந்திருப்பதை 1996 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அழற்சியுற்ற குழாயில் இது பெருக, உணர்நரம்புகள் கூருணர்வு பெறுகின்றன. அந்நரம்புகள் விடுக்கும் இரசாயனங்கள் வீக்கத்தை மேலும் வளர்க்கின்றன. அழற்சி நரம்பைத் தூண்ட, நரம்பு அழற்சியைத் தூண்டுகின்றது. ஆதலின், பிறருக்கு ஒரு தும்மலோடு போகும் தூசு, தொய்வுடையோரின் மூச்சையே அடைத்துவிடுகின்றது.

இப்புரதத்தைத் தடுத்து ஆஸ்துமாவைத் தணிக்கும் மருந்து இன்னும் வழக்கில் இல்லை. அழற்சியைத் தணிக்கும் ஸ்ரெறோயிட் மருந்தை உள்ளிழுப்பதே இன்றும் சிகிச்சையின் அடிப்படை. இழுப்பு இல்லாத நாளிலும் வைத்தியர் குறித்தபடி அதனைத் தவறாது பயன்படுத்தல் வேண்டும்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! மூச்சு முட்டுகின்றதென்று ஒரு பிள்ளை சொன்னால், நடிப்பென்றும் மனப்பயமென்றும் தள்ளாதீர்கள். அவன் நரம்புகள் அறிவதை நம் கண்கள் அறியா. கரும்பலகையை ஈரத்துணியால் துடைப்பது சிறு செயலே. அதையேனும் அன்று நான் செய்திருக்கலாம்.