எஞ்சினின் பூர்வீகம்

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் வண்டிகளுக்குக் கடுகண்ணாவைக் கணவாய் ஒரு பரீட்சை மண்டபம். அங்கே மூச்சு வாங்கி ஏறும் பழைய மொறிஸ் மைனர் வண்டியைக் காண்போர் அதன் உருண்ட வடிவைக் கண்டு மகிழ்வர். அதன் எஞ்சின் எங்கே பிறந்தது என்று வினவுவோர் சிலரே. வண்டி ஒரு குலத்தின் பெயரைத் தாங்கி நிற்க, எஞ்சின் வேறொரு குலத்திற் பிறந்திருத்தல் உண்டு.

மொறிஸ் என்னும் பெயரே இதற்குத் தக்க சான்று. 1915ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் கௌலி வண்டியின் எஞ்சின், அமெரிக்காவின் கொன்ரினென்ரல் கம்பனி செய்தது. போருக்குப் பின்னர் அதே மாதிரியைத் தழுவி எஞ்சின் செய்து கொடுத்தது, கொவென்றி நகரிலிருந்த ஹொட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சுக் கம்பனியின் தொழிற்சாலை. 1923இல் மொறிஸ் அத்தொழிற்சாலையையே வாங்கிக்கொண்டார்.

1948இல் பிறந்த மைனரின் கதையும் அத்தகையதே. முதலில் அதற்கு வாய்த்தது, போருக்கு முந்திய மொறிஸ் எயிற் வண்டியின் 918 கன சென்ரிமீற்றர் எஞ்சின். 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒன்றாயின. அதன்பின், ஒஸ்ரின் வண்டிக்கென ஆக்கப்பட்ட 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் மைனருக்குள் குடிபுகுந்தது. அதுவே 1956இல் 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் வளர்ந்தது.

இவற்றைப் பிரித்தறிவது எவ்வாறு? முதலில் கண்ணால் நோக்குக. பழைய மொறிஸ் எஞ்சினில் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தே அமைந்தவை. ஆதலின் தலைப்பகுதி தட்டையாயிருக்கும், பிளக்குகள் அதன்மேல் நிமிர்ந்து நிற்கும். ஒஸ்ரின் வழிவந்ததில் வால்வுகள் மேலே உள்ளன. அவற்றை ஒரு மூடி மறைத்திருக்கும், பிளக்குகளோ பக்கவாட்டில் இருக்கும். அடுத்து எஞ்சின் இலக்கத்தைப் படிக்க வேண்டும். 9எம் எனத் தொடங்குவது 948. 10எம்ஏ எனத் தொடங்குவது 1098. இறுதியாக, அவ்விலக்கத்தை வண்டியின் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடல் வேண்டும்.

இரண்டும் ஒவ்வாவிடின் மனம் சோர வேண்டுவதில்லை. 1960கள் முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. புதிய வண்டி கிடையாத அக்காலத்தில், பழுதுற்றதைக் கழற்றிக் கைக்கெட்டியதைப் பொருத்தி ஓட்டுவதே வழியாயிற்று. மாற்றிய எஞ்சினும் அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தின் சாட்சியே. அதனை மறைத்து, மூல எஞ்சின் என்று கூறி விற்பதுதான் வரலாற்றுக்குச் செய்யும் தீங்கு.

கண்டியை அடுத்த ஹந்தானையில், பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001இல் அரும்பொருட்காட்சியகமாயிற்று. தோட்டங்களில் உழைத்த இயந்திரங்கள் அங்கே பேணப்படுகின்றன. வீதியில் ஓடும் பழைய கார்களுக்கோ அத்தகைய காப்பிடம் எளிதில் வாய்ப்பதில்லை. உரிமையாளரின் குறிப்பேடே அவற்றுக்குக் காப்பு. எந்த எஞ்சின் எந்த ஆண்டில் மாறியது, யார் பொருத்தினார் என்பதைப் பழைய மெக்கானிக்குகள் அறிவர். அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது நம் கடன்.