உடம்பின் வரவும் வைப்பும் செலவும்



பசித்தவனைச் சோம்பேறி என்பது, வயிறு நிறைந்தவன் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பொய். உழைப்பவன் கை ஓய்ந்தால், அவனுக்கு ஊக்கமில்லை என்று பழிப்பது மேட்டுக்குடியினர் வழக்கம். அப்பழி மெய்யா என்பதை உடலறிவியல் கொண்டு ஆராய்தல் வேண்டும். அவ்வறிவியலைத் தமிழில் சொல்ல இயலுமா என்று ஐயுறுவார்க்கும் இவ்வாராய்ச்சியே விடையாகும்.

உடம்பும் ஒரு குடும்பம் போன்றதே. அதற்கு வரவு உண்டு, வைப்பு உண்டு, செலவும் உண்டு. வரவு என்பது உணவு. ஒரு கிராம் மாவுப்பொருள் ஏறத்தாழ 4 கிலோ கலோரி ஆற்றல் தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 தரும்.

உண்டது உடம்பினுள் எரிகிறது என்பது உவமையன்று. பிரெஞ்சு அறிஞர் இலவாசியரும் இலாப்பிலாசும் ஒரு கினி எலியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துள் வைத்து, அதன் உடற்சூட்டால் உருகிய நீரை அளந்தனர். அவ்வெலி வெளியிடும் அளவுக்குக் கரிவளி உண்டாகுமாறு கரியை எரித்தால் எவ்வளவு பனி உருகும் என்றும் கண்டனர். இரண்டும் நெருங்கி நின்றன. மூச்சு என்பது மெல்ல எரியும் தீயே என்று 1783-இல் அவர்கள் உலகுக்கு உணர்த்தினர்.

அத்தீ உறக்கத்திலும் அணைவதில்லை. பெரும்பாலார்க்கு ஒருநாட் செலவில் 60 முதல் 70 விழுக்காடு, நெஞ்சு துடிக்கவும் மூச்சு இயங்கவும் உடற்சூடு நிலைக்கவுமே போகிறது. உடலெடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வுநிலைச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை உண்கிறது. செரித்தற்கும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வேண்டும். எஞ்சியதே ஏரோட்டவும் சுமை தூக்கவும் பயன்படும்.

வைப்பு இருவகை. கல்லீரலிலும் தசையிலும் உள்ள மாவுப்பொருள் வைப்பு அரைக் கிலோ அளவினது. ஒருநாட் செலவுக்கே அது போதும். கொழுப்பு வைப்போ பல கிழமைகளுக்குத் தாங்கும் கருவூலம். கொழுப்பு உயிரணுக்களினின்று குருதியில் கலக்கும் ஒரு சுரப்பு, அக்கருவூலத்தின் இருப்பை மூளைக்கு அறிவிக்கிறது. அமெரிக்க அறிஞர் பிரீடுமன் குழுவினர் 1994-இல் அதற்குரிய மரபணுவைக் கண்டறிந்தனர். அச்சுரப்புக்கு, 'மெலிந்த' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று 'இலெப்டின்' என்று பெயரிட்டனர். கிரேக்கச் சொல்லால் பெயர் அமையுமெனில், தமிழ்ச் சொல்லால் ஏன் அமையாது? 'மெலிசுரப்பு' என்றால் ஏட்டறியாத் தாய்க்கும் அது பொருள் விளங்குமே!

இனி, வரவு குறைந்தால் நிகழ்வது யாது? இரண்டாம் உலகப் போரின் இறுதியில், பட்டினியுற்ற மக்களை மீட்கும் வழியறிய, மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீசு என்பார் ஓர் ஆய்வு நடத்தினார். படைக்கலம் ஏந்த மறுத்த 36 இளைஞர் அதற்குத் தாமே முன்வந்தனர். உடல்நலமும் உள்ளுறுதியும் உடையவரெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். 1945-இல் 24 கிழமைகள் அவர்க்கு ஏறத்தாழப் பாதியுணவே தரப்பட்டது. எடையில் காற்பங்கு போயிற்று. ஓய்வுநிலைச் செலவோ ஏறத்தாழ 40 விழுக்காடு இறங்கிற்று. நெஞ்சத் துடிப்பு தளர்ந்தது. கோடையிலும் உடம்பு குளிர்ந்தது. நடை ஒடுங்கியது. உணவு நினைவன்றி வேறு நினைவு அற்றது.

அவ்விளைஞர் சோம்பேறிகளா? அல்லர். வரவு சுருங்கவே, உயிரைக் காக்க உடம்பு தன் செலவைச் சுருக்கிற்று. பசித்த உழவனின் தளர்ந்த கையும், பசித்து வந்த மாணவனின் ஒட்டாத கருத்தும் அத்தகையனவே. அவை குணக்கேடு அல்ல; உடம்பின் சிக்கனம்.

இதற்கு மறுபுறமும் உண்டு. இழப்பைத் தடுக்க அத்துணை விழிப்புடைய உடம்பு, மிகையைத் தடுப்பதில் அத்துணை விழிப்புடையதன்று. நாள்தோறும் சிறிது மிகினும் அது கொழுப்பாய்த் தங்கும். பின்னர்ப் பட்டினியால் அதனைக் கரைக்க முனைந்தால், உடம்பு பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். ஆதலின், முன்னரே அளவறிந்து உண்டு, நாளும் உழைத்தலே நெறி. திருக்குறளில் 'மருந்து' என்னும் பகுதி, மருந்துப் பெயர்களை அடுக்காமல் உணவின் அளவையே பெரிதும் வற்புறுத்துவது இங்கு எண்ணத்தக்கது.

உடன்பிறப்புகளே! மிகையாய் உண்பார்க்கு அளவு வேண்டும். இல்லார்க்கு உணவு வேண்டும். இல்லாதானிடம் சென்று அளவைப் பற்றி அறிவுரை கூறுதல் அறமன்று. ஒருவனைச் சோம்பேறி என்று சொல்ல நாவெழும்போது, அவன் இன்று உண்டானா என்று முதலில் கேட்கப்படட்டும்! அக்கேள்விக்கு விடை காணும் கடமை, உண்டவர் அனைவர்க்கும் உரியது.