இரு கரை வாழ்க்கை

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது பாசிக்குடா. முருகைக்கற் பாறைகள் அலைகளைத் தடுத்துவிடுவதால், குடாவினுள் கடல் ஒரு குளம்போலக் கிடக்கும். கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவே. 1970களில் இங்கு எழுந்த விடுதிகள் பின்னர் போரில் அழிந்தன. 2009இல் போர் முடிந்தபின் புதிய விடுதிகள் தோன்றின. சித்திரை முதல் புரட்டாதி வரை மேனாட்டார் வந்து நீராடுவர். சற்றுத் தள்ளிக் கல்குடாவின் மீனவர் வலை உலர்த்துவர். விடுதியையும் குடிலையும் மாறிமாறிப் பார்ப்பவர், வாழ்க்கைத் தரம் என்பதைக் கண்ணாலேயே அளந்துவிடலாம் என்று எண்ணக்கூடும்.

அது அத்துணை எளிதன்று. மேனாட்டார் அனைவரும் ஒரே தரத்தில் வாழ்பவரும் அல்லர். ஐரோப்பாவின் வடபால் பின்லாந்து, எஸ்தோனியா என இரு நாடுகள் உள. இடையே இருப்பது ஏறத்தாழ 80 கிலோமீற்றர் அகலமான ஒரு கடற்கால். இரு மக்களின் மொழியும் உடன்பிறந்த மொழிகள். 1930களில் இவ்விரு நாடுகளின் வாழ்வுக்குமிடையே பெருத்த வேற்றுமை இருந்ததில்லை. 1940இல் எஸ்தோனியா சோவியத் ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. பின்லாந்தோ போரில் இழப்புற்றும், 1952 வரை சோவியத்துக்கு இழப்பீடு செலுத்தியும், தன் ஆட்சியைத் தானே வைத்துக்கொண்டது. அரை நூற்றாண்டு கழிந்தபோது, ஒரு கரையில் நிறைந்த கடைகள். மறுகரையில் கடைவாயிலில் நீண்ட வரிசை. வட எஸ்தோனிய மக்கள் பின்லாந்தின் தொலைக்காட்சியைத் தம் வீட்டிலிருந்தே கண்டு, அக்கரை வாழ்வை அறிந்துகொண்டனர். பார்க்க முடிந்தது, போக முடியவில்லை.

1991இல் எஸ்தோனியா மீண்டும் விடுதலை பெற்றது. அதன்பின் இடைவெளி குறைந்து வந்துள்ளது; ஆயினும் எல்லாவற்றிலும் ஒரே அளவில் குறையவில்லை. ஊதியத்தில் பின்லாந்தே மேல். எஸ்தோனியர் பலர் கடல் கடந்து அங்கே தொழிலுக்குச் செல்கின்றனர். ஆயுட்காலத்திலும் பின்லாந்தியரே முந்தி நிற்கின்றனர். பள்ளிக் கல்வியில் நிலைமை வேறு. 2022இல் பல நாட்டு மாணவருக்கும் நடத்தப்பெற்ற பீசா தேர்வில் எஸ்தோனியப் பிள்ளைகள் பின்லாந்துப் பிள்ளைகளை விஞ்சினர். எந்த நாட்டில் வாழ்வு நன்று என்ற வினாவுக்குச் சம்பளச் சீட்டு ஒரு விடை கூறும். வகுப்பறை வேறொரு விடை கூறும்.

கடல் இரண்டாகப் பிரித்தது போன்ற இந்த வாழ்வை, மட்டக்களப்பு வாவி மிகச் சிறிய அளவில் காட்டுகின்றது. 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவியின் கிழக்குப் புறம் எழுவான்கரை. மேற்குப் புறம் படுவான்கரை. மொழி ஒன்று, உறவும் கொண்டாட்டமும் ஒன்று. ஆயினும் பெருந்தெருவும் சந்தைகளும் பெரும்பாலும் எழுவான்கரையில் அமைந்தன. பெரிய வைத்தியசாலை நகரில். 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும் நகரில். சுவாமி விபுலாநந்தரின் சிவானந்த வித்தியாலயம் கல்லடியில். நெல்லும் பாலும் தயிரும் விறகும் படுவான்கரையிலிருந்து வந்தன. ஊட்டிய கரை ஒன்று, வசதி பெற்ற கரை வேறொன்று என்று சொன்னால் மிகையாகாது.

இரண்டையும் இணைத்தது பெரும்பாலும் தோணியும், 'பாதை' என்று இங்குள்ளோர் அழைக்கும் மிதவையுமே. வெளியூரார்க்குப் பாதை என்றால் நிலத்திற் கிடப்பது. இவ்வூராருக்கு நீரில் நகர்வது! நகரையும் கல்லடியையும் இணைக்கும் பாலம் 1924இலேயே அமைந்துவிட்டது. மண்முனையில் பாலம் திறக்கப்பட்டதோ 2014இல். இடைப்பட்ட 90 ஆண்டுகளில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்துத் தாய் ஒருத்தி இரவில் காய்ச்சலுற்ற பிள்ளையை எடுத்துக்கொண்டு புறப்பட்டால், ஒன்று பாதைக்குக் காத்திருக்க வேண்டும். அன்றேல் வலையிறவு வழியாகச் சுற்றிப் போக வேண்டும். போர்க் காலத்தில் அதற்கும் தடை. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும், நகரம் அரசின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. தோணித்துறை சோதனைச் சாவடியாயிற்று. வாவியின் அகலம் மாறவில்லை. கடக்கும் நேரம் பன்மடங்காயிற்று.

இத்தகைய வேற்றுமையைப் புள்ளிவிவரம் எளிதில் காட்டுவதில்லை. குடிசன மதிப்பு, புள்ளிவிவரத் திணைக்களத்தின் 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாட்டில் வறுமைக் கோட்டின் கீழ் வாழ்ந்தோர் நூற்றுக்கு 4.1 பேர், மட்டக்களப்பு மாவட்டத்தில் 11.3 பேர். மாவட்டம் என்ற அந்த ஒரே எண்ணுக்குள் பாசிக்குடாவின் விடுதிகளும் அடங்கும்; கோடையில் கிணறு வற்றிப் பவுசர் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் மேற்குக் கரைச் சிற்றூர்களும் அடங்கும்; இரவில் யானைக்கு அஞ்சி வயலில் பரண் கட்டிக் காவலிருப்போரும் அடங்குவர். சராசரி என்பது இவர்கள் எவருடைய வாழ்வுமன்று.

பாலத்தால் மட்டும் எல்லாம் ஒப்பாகிவிடும் என்று கொள்வதற்கில்லை. பாலத்தின் வழியே பால் விரைவாக நகருக்குப் போகின்றது. பிள்ளைகளும் மேல்வகுப்புக்கு நகருக்கே போகின்றனர். தேர்ந்த ஆசிரியர் அதே பாலத்தின் வழியே மேற்கே வந்து தங்குவது அரிதாகவே இருக்கின்றது. எஸ்தோனியா தன் பள்ளிகளைத் தன் கரையிலேயே உயர்த்திக்கொண்டது. படுவான்கரையில் அது இனி நடக்க வேண்டியது.

ஆயினும் ஒரு மாற்றத்தை எவரும் மறுக்கவியலாது. மண்முனைத்துறையில் காத்திருந்த நேரத்தில், இன்று மோட்டார் சைக்கிளில் வரும் ஒருவர் பால் கலன்களை நகரில் இறக்கிவிட்டு, வெயில் ஏறுமுன் தம் வயலுக்குத் திரும்பிவிடுகின்றார்.