ஆகாயம் வளைந்ததோ?

ஆகாயத்தைத் தில்லையில் வைத்து வழிபடும் மரபினர் நாம். பொருளின் நிறை தன்னைச் சூழ்ந்த இடத்தையும் காலத்தையும் ஒருங்கே வளைக்கும் என்று 1915-இல் ஐன்ஸ்டைன் உரைத்தார்.

அதற்குச் சான்று தேடியோருள் ஒருவர், நம் வேடசந்தூருக்குத் தென்மேற்கே, கோடைக்கானல் வானாய்வகத்தில் 1923 வரை இயக்குநராயிருந்த எவர்ஷெட் என்பார். சூரியனருகே காலம் மெல்ல நகருமாயின், அங்கிருந்து வரும் ஒளியின் நிறமாலைக் கோடுகள் சிவப்பை நோக்கிச் சிறிது விலகவேண்டும். அவ்விலக்கம் பத்து லட்சத்தில் இரண்டு பங்கே! சூரியப் பரப்பில் ஒரு கடிகாரம் இருக்கக்கூடுமானால் (எந்தக் கடிகாரம் அங்கே தாங்கும்!) அது ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் பின்தங்கும். இத்துணை நுண்ணிய விலக்கத்தை அவர் அம்மலைமீதிருந்து அளக்க முனைந்தார். சூரிய வாயுக்களின் ஓட்டமும் உடன் கலந்து குழப்பியமையால் பல்லாண்டு உழைக்க நேர்ந்தது.

அடியேன் விஞ்ஞானி அல்லேன். ஆயினும் பிராகாரம் வலம் வருங்கால் ஓர் எண்ணம் எழுந்தது: ஆகாயம் வளைந்ததாயின், நேரே செல்பவனும் புறப்பட்ட சந்நிதிக்கே மீள்வான் அன்றோ? இதனை மேடைகளிலும் துணிந்து பேசினேன். 2018-இல் வெளியான பிளாங்க் விண்கலத்தின் முடிவுகளோ, பேரளவில் நோக்குமிடத்து அண்டவெளி ஏறக்குறைய வளைவற்றதே எனக் காட்டின. நேரே சென்றவன் மீள்வான் என்பதற்குச் சான்றில்லை. முன்னோர் இவற்றையெல்லாம் அன்றே அறிந்திருந்தனர் என்றும் அந்நாளில் கூறினேன். அதுவும் என் ஆர்வமே. சிதம்பரத்தில் திரை விலக்கிக் காட்டப்பெறும் வெளி அளப்பதற்குரியதன்று.

அவ்வுரைகளைக் கேட்டு நம்பிய அன்பர்கள் பொறுத்தருள்க.