மார்பே தொட்டிலாக: கங்காரு பராமரிப்பு

குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறந்த குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திச் சேர்த்து, துணியால் கட்டி, இரவும் பகலும் அப்படியே வைத்துக் காப்பது கங்காரு பராமரிப்பு. 1978-இல் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் எட்கர் ரெய் சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர் இதைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு எக்டர் மார்ட்டினெஸ் என்ற மருத்துவர் அவரோடு சேர்ந்துகொண்டார். அவர்களுடைய மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்தியதால் ஒன்றின் கிருமி மற்றொன்றுக்குத் தொற்றியது. பிள்ளையைத் தொடவே முடியாமல் வெளியே காத்திருந்த ஏழைத் தாய்மார் சிலர், அதை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டுப் போனதும் உண்டு. குழந்தையைத் தாயின் மார்பிலேயே ஒப்படைத்தபோது இரண்டு துயரங்களுக்கும் ஒரே வழி பிறந்தது.

செய்முறை எளிது, கவனம் மட்டும் நிறைய வேண்டும். குழந்தைக்கு டயபர், குல்லா, காலுறை போதும். தலை ஒரு பக்கமாகத் திரும்பி, கழுத்து மடங்காமல் சற்றே நிமிர்ந்திருக்க வேண்டும். மோவாய் நெஞ்சில் கவிழ்ந்தால் மூச்சுப்பாதை அடைபடும். கால்கள் தவளையின் கால்கள்போல மடங்கி விரிந்திருக்கும். கட்டும் துணி காதுக்குக் கீழே வரை வரலாம், வயிற்றை இறுக்கக் கூடாது. தாய் தூங்கும்போது தலைப்பக்கம் உயர்த்திச் சாய்ந்து படுக்கலாம்.

குறைமாதக் குழந்தையின் தோல் மெல்லியது. அதனடியில் கொழுப்பு மிகக் குறைவு. உடற்சூடு விரைவில் இறங்கிவிடும். சூட்டைக் காப்பதிலேயே அதன் சிறிய பலமெல்லாம் கரைந்துபோகும். தாயின் மார்பு அந்தச் சுமையை ஏற்றுக்கொள்கிறது. கருவிலேயே கேட்டுப் பழகிய குரலும் பக்கத்தில் இருக்கிறது. குழந்தையின் அழுகை குறைகிறது, தூக்கம் நீள்கிறது, மூச்சும் இதயத் துடிப்பும் சீராகின்றன. மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் குறைகிறது. இந்த அமைதி தாய்க்கும் சேர்ந்தே கிடைக்கிறது. அவள் உடலில் ஆக்ஸிடோசின் கூடி, பதற்றம் தணிகிறது, பாலும் நன்றாக இறங்குகிறது.

இந்த முறையின் மிகப்பெரிய சிறப்பு இங்கேதான் இருக்கிறது. குறைமாதத்தில் பெற்றவள் பெரும்பாலும் பயத்தோடும் குற்றவுணர்ச்சியோடும் இருக்கிறாள். குழாய்களுக்கு நடுவே கிடக்கும் பிள்ளையைத் தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று கை நடுங்குகிறது. நர்ஸுக்குத் தெரிந்த அளவுகூடத் தன் பிள்ளையைத் தனக்குத் தெரியவில்லையே என்று மனம் ஒடிகிறது. மார்பில் வைத்த சில நாட்களில் இந்த நிலை மாறத் தொடங்குகிறது. பசிக்கு நெளிவதும், தூக்கத்தில் சிணுங்குவதும், மூச்சின் போக்கு மாறுவதும் அவளுக்கே முதலில் தெரிகின்றன. தன் உடலால் பிள்ளை பிழைக்கிறது என்ற நம்பிக்கையை எந்த ஆறுதல் சொல்லும் இவ்வளவு உறுதியாகத் தந்துவிட முடியாது.

இஸ்ரேலிய ஆய்வாளர் ரூத் ஃபெல்ட்மன், இரண்டு வாரம் நாளுக்கு ஒரு மணி நேரம் மார்பில் வளர்ந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். பத்து வயதிலும் அவர்கள் மன அழுத்தத்தைத் தாங்குவதில் மேம்பட்டிருந்தனர். தாயும் பிள்ளையும் ஒருவர் குறிப்பை ஒருவர் அறிந்து நடப்பதும் கூடுதலாக இருந்தது. பொகோட்டாவில் நத்தலி ஷர்பாக் குழுவினர் இருபது ஆண்டுக்குப் பிறகு பார்த்தபோது, இப்படி வளர்ந்த இளைஞர்களிடம் முரட்டுத்தனமும் அளவுமீறிய துறுதுறுப்பும் குறைவு என்று கண்டனர்.

இது ஏழை நாடுகளின் மாற்று ஏற்பாடு என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. அது தவறான எண்ணம். டெல்லியில் ஒன்று உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. உடல்நிலை நிலைப்படும் வரை காத்திருந்து மார்பில் வைத்த குழந்தைகளில் முதல் 28 நாட்களில் 15.7 சதவீதம் இறந்தன. பிறந்த உடனே வைத்தவற்றில் 12 சதவீதம். பயன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். மூச்சுக் கருவியின் துணையில் இருக்கும் குழந்தைகள் போன்ற மிகக் கடுமையான நிலையில் உள்ளவை தவிர, மற்றவற்றுக்குப் பிறந்ததிலிருந்தே நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் என்பது 2022-இல் அந்த நிறுவனம் தந்த பரிந்துரை.

அத்தனை மணி நேரத்தைத் தாய் ஒருத்தியே சுமக்க முடியாது. அறுவைத் தையல் வலியோடு, சாயக் கட்டில் இல்லாமல், வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளையை நினைத்துக்கொண்டிருப்பவளிடம் ‘அமைதியாக இரு’ என்றால் அமைதி வந்துவிடாது. வார்டுக்குள் அவளுக்குப் படுக்கையும், வேளைக்கு உணவும், கொஞ்சம் மறைவும் வேண்டும். அப்பாவின் மார்பும் சூடு தரும், பாட்டியின் மார்பும் தரும். ஆண்களை வாசலிலேயே நிறுத்தும் வழக்கம் இதற்குப் பெரிய தடை. அப்பாக்களுக்கும் இந்த நெருக்கத்தில் ஆக்ஸிடோசின் கூடுவது ஆய்வுகளில் தெரிகிறது.

பராமரிப்பு வீட்டிலும் தொடரும். எடையும் மூச்சும் சரியாக இருக்கின்றனவா என்று அடிக்கடி பார்த்துவர வேண்டும். சுமார் இரண்டரை கிலோ எடையை எட்டும்போது, அல்லது நிறைமாதக் கணக்கை நெருங்கும்போது, குழந்தை கைகாலை வெளியே நீட்டும், நெளியும், கட்டினால் அழும். கட்டை அவிழ்க்கும் காலம் அதுதான்.