குட்டியை வாங்குமுன் தாயைப் பாருங்கள்



பெங்களூருவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் நாய் வளர்க்கும் ஆசை சிறிது காலம் சென்ற பின்னரே தலைதூக்குகிறது. முதலில் வேலை, பிறகு வாடகை வீடு, அதன் பிறகு பிள்ளைகளுக்குப் பள்ளி. இவையெல்லாம் ஒழுங்குக்கு வந்தபின், ஒருநாள் பிள்ளைகள் கேட்பார்கள். அல்லது, ஊரிலிருந்து அழைத்து வரப்பட்டு, அக்கம்பக்கத்தார் பேசும் கன்னடம் விளங்காமல் பகல் முழுவதும் தனித்திருக்கும் பாட்டிக்கு ஒரு துணை வேண்டும் என்று தோன்றும். நகரத்தின் தட்பவெப்பமும் இந்த ஆசைக்கு இடங்கொடுக்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இவ்வூர் அமைந்திருப்பதால், சென்னையில் துணியாதவர்களும் இங்கே லாபரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ஏன், பனிநாட்டு ஹஸ்கி வரையில் துணிந்துவிடுகின்றனர். ஹஸ்கிக்குப் பெங்களூருவின் குளிர் ஒரு குளிரே அன்று என்பதை இடையில் சொல்லி வைக்கிறேன்.

எந்த இனம் வாங்குவது என்று வீட்டில் ஒரு மாதம் வாதிடுகிறோம். யாரிடம் வாங்குவது என்பதையோ ஒரே மாலைப்பொழுதில் முடிவு செய்துவிடுகிறோம். பின்னர் நேரும் துன்பங்களில் பெரும்பகுதி இந்த இரண்டாவது முடிவிலிருந்தே பிறக்கிறது.

வழக்கமாக நடப்பது என்ன? கைபேசியில் ஒரு படம் வருகிறது. பஞ்சுருண்டை போன்ற குட்டி. விலை பேசப்படுகிறது. வீடு வரை வரவேண்டாம், தாமே கொண்டுவந்து தருவதாக விற்பவர் கூறுகிறார். ஏதோ ஒரு கடைவாசலிலோ, வண்டி நிறுத்துமிடத்திலோ கூடையும் பணமும் கைமாறுகின்றன. குட்டி பிறந்து நாற்பத்தைந்து நாட்கள் ஆயின என்று சொல்லப்படும். உண்மையில் முப்பது நாட்களாக இருக்கலாம். அதை அறிய நம்மிடம் வழியில்லை. ஏனெனில் அது பிறந்த இடத்தை நாம் பார்க்கவில்லை.

இங்கே ஒரு மருத்துவ உண்மையை மனத்திற் கொள்ளவேண்டும். பார்வோ என்னும் வைரஸ் நோய் குட்டியின் உடலில் புகுந்தபின், பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாட்கள் வரை எந்த அறிகுறியும் காட்டாது. வாங்கிய நாளில் துள்ளி விளையாடிய குட்டி, அந்த வாரம் முடிவதற்குள் உணவை வெறுத்து, வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகச் சாய்ந்துவிடும். சீம்பாலால் கிடைத்த நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்துவரும் பருவமும், பால் மறக்கும் பருவமும், தடுப்பூசி இன்னும் முழுப்பயன் தராத பருவமும் ஏறத்தாழ ஒன்றாகவே வருவதால், பல ஈற்றுக் குட்டிகளை ஒரே கூண்டில் திரட்டி வைத்து விற்கும் இடங்களில் இந்நோய் எளிதில் பரவுகிறது. விற்றவரைக் கேட்டால், உங்கள் வீட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார். பெயரிட்டு, கழுத்துப்பட்டை வாங்கி வைத்திருந்த பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்லுவது?

ஆகவே, குட்டி பிறந்த இடத்திற்கே சென்று, அதன் தாயைப் பாருங்கள். தாயைப்போலப் பிள்ளை, நூலைப்போலச் சேலை என்று நம்மவர் சொல்வது இங்கு முழுதும் பொருந்தும். தகப்பன் நாய் வேறிடத்தில் இருக்கலாம், அது இயல்பே. ஆனால் பால் கொடுக்கும் தாய் குட்டிகளுடன் இல்லை என்றால், அந்தக் குட்டிகள் அங்கே பிறந்தவை அல்ல என்றே கொள்ளவேண்டும். தாய் ஊருக்குப் போயிருக்கிறது என்று ஒருவர் கூறக் கேட்டிருக்கிறேன். குட்டிகளை விட்டுவிட்டு ஊருக்குப் போகும் தாயை நான் இன்னும் கண்டதில்லை.

தாயைப் பார்க்கும்போது எதைப் பார்ப்பது? ஈன்ற நாய் சற்று மெலிந்திருக்கும், மயிரும் உதிர்ந்திருக்கும். அது குற்றமன்று. ஆனால் எலும்பு துருத்தி, முலைகள் தொங்கி, புண்பட்டு, மனிதர் கை நீட்டினால் மூலையில் ஒடுங்கும் தாய், ஓய்வின்றி ஈன்றுகொண்டே இருக்கும் தாய். நாம் கொடுக்கும் பணம் அதன் அடுத்த ஈற்றுக்கு முன்பணம். இரக்கப்பட்டுக் குட்டியை மட்டுமாவது மீட்போம் என்று வாங்குவோரும் உளர். அந்த இரக்கத்தினால் தாய்க்கு விடுதலை கிடைப்பதில்லை. காலியான கூண்டில் அடுத்த ஈற்று வந்து சேருகிறது.

இதற்குச் சட்டமும் துணைநிற்கிறது. மத்திய அரசு 2017ஆம் ஆண்டில் நாய் இனப்பெருக்கம், விற்பனை ஆகியவை குறித்து விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி, நாய்களை இனப்பெருக்கி விற்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பெட்டை நாய்க்குப் பதினெட்டு மாதம் நிறையுமுன் அதை இனவிருத்திக்கு விடலாகாது. அதன் வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது. இந்த எட்டு வாரக் கணக்கு வெறும் சம்பிரதாயம் அன்று. உடன்பிறந்த குட்டிகளோடு உருண்டு புரளும் அந்த நாட்களில்தான், எவ்வளவு கடித்தால் மற்றவருக்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தை இழந்த குட்டி, பின்னர் நம் குழந்தையின் கையில் கற்றுக்கொள்ள முற்படும். பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்பதற்கு நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

இனி, வமிசாவளிச் சான்றிதழ். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப் வழங்கும் அச்சான்றிதழைக் காட்டியவுடன் பலர் மயங்கிவிடுகின்றனர். அதில் பாட்டன், முப்பாட்டன் பெயர்கள் எல்லாம் இருக்கும். குட்டியின் குலத்தை அது கூறும், உடல்நலத்தைக் கூறாது. லாபரடாரிலும் ஜெர்மன் ஷெப்பர்டிலும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவதுண்டு. எட்டு வாரக் குட்டியைத் தூக்கிப் பார்த்து அதைக் கண்டறிய இயலாது. வளர்ந்த பெற்றோரின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தே ஓரளவு கணிக்க முடியும். பொறுப்புள்ளவர் அந்தப் படங்களை எடுத்து வைத்திருப்பார், கேட்குமுன்பே காட்டுவார்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கென்றே ஓர் இடர் உண்டு. அயல்மொழிகளுக்கு நடுவே ஒருவர் தமிழில் பேசினால் நம் நெஞ்சு இளகிவிடுகிறது. நம்ம ஊர்க்காரர், ஏமாற்றமாட்டார் என்று எண்ணுகிறோம். தமிழ் பேசுவது நற்சான்று ஆகாது. ராஜபாளையம் நாயோ சிப்பிப்பாறை நாயோ வேண்டும் என்று நாம் ஊர்ப்பாசத்தால் கேட்கும்போது இந்த இடர் இரட்டிப்பாகிறது. அட்டைப்பெட்டியில் துளையிட்டு, இரவுப் பேருந்தில் ஏற்றி அனுப்புகிறேன், காலையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பார் ஒருவர். மறுத்துவிடுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகத்தானே போகிறோம். அப்போது நேரில் சென்று பார்க்கலாம்.

ராஜபாளையம் நாயின் தூய வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கண்ணைப் பறிப்பவை. 2005ஆம் ஆண்டு சனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகளில் அதுவும் இடம்பெற்றது. ஆனால் அந்த வெண்மையோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவதுண்டு. செவிட்டுக் குட்டி, உடன்பிறந்தவை ஓடினால் தானும் ஓடும். எனவே கூட்டத்தில் குறை தெரியாது. குட்டியைத் தனியே பிரித்து, அது காணாதபடி பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். நேர்மையான வளர்ப்பாளர் இதற்குச் சினங்கொள்ளமாட்டார்.

அஞ்சல்தலையில் இடம்பெற்ற மற்றொரு நாட்டு நாய், நாம் வாழும் இந்தக் கருநாடகத்திற்கே உரிய முதோள் வேட்டைநாய். பாகல்கோட்டை மாவட்டத்து முதோளை அடுத்த திம்மாப்பூரில், கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நாய் ஆராய்ச்சி மையம் அதைப் பேணி வருகிறது. மீரட்டில் உள்ள இராணுவப் பயிற்சி நிலையத்திற்கு முதோள் நாய்கள் 2016இல் சென்றன. குலமும் குணமும் எழுத்தில் பதிவாகும் இத்தகைய இடம் நமக்கு அருகிலேயே இருப்பது நற்பேறு. எனினும் ஓடுவதற்கென்றே பிறந்த நாய் அது. இரண்டு அறைக் குடியிருப்பில் வைப்பதற்கு நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன்.

நல்ல வளர்ப்பாளரை அடையாளம் காண இன்னுமொரு வழி உண்டு. அவர் நம்மையே கேள்வி கேட்பார். வீட்டில் பகலில் யார் இருப்பார்கள்? வீட்டு உரிமையாளர் சம்மதித்தாரா? விடுமுறைக்கு ஊர் சென்றால் நாயை எங்கே விடுவீர்கள்? வேறு ஊருக்கு மாற்றல் வந்தால் என்ன செய்வீர்கள்? பணம் கொடுப்பவனிடம் இத்தனை விசாரணையா என்று சிலருக்குக் கோபம் வரும். வளர்க்க முடியாமற் போனால் தெருவில் விட்டுவிடாதீர்கள், என்னிடமே திருப்பித் தாருங்கள் என்று அவர் எழுதியும் கொடுப்பார். இன்றைக்குக் குட்டி இல்லை, அடுத்த ஈற்றுக்கு ஆறு மாதம் ஆகும் என்றும் சொல்லக்கூடும். காத்திருங்கள்.

குட்டியை எடுத்துவரும் நாளில் தடுப்பூசிக் குறிப்பேடு, இரசீது, அது உண்டு பழகிய உணவில் சில நாட்களுக்கு வேண்டிய அளவு ஆகியவற்றைக் கேட்டுப் பெறுங்கள். இரண்டு நாட்களுக்குள் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, அருகிலுள்ள மருத்துவரிடமோ காட்டுங்கள். தாயின் படுக்கையிலிருந்து ஒரு துண்டுத் துணியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரவு குட்டி அழும்போது அதைப் பக்கத்தில் வைத்தால், அந்த வாசனையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உறங்கிவிடும்.