பட்டறை வாசலில் நிற்கும் சட்டம்

(கணியூர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

கள்ளத்துப்பாக்கிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். உங்களில் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள் உண்டு. பனியன் கம்பெனி மெஷின்களுக்குப் பாகம் கடைந்து தருபவர்கள் உண்டு. குழாயும் ஸ்பிரிங்கும் விற்பவர்கள் உண்டு. ஆகவே ஆயுதச் சட்டம் உங்கள் வாசலுக்கும் வரும்.

1878-ல் வெள்ளையன் போட்ட ஆயுதச் சட்டம் இந்தியரின் கையைக் கட்டியது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. சுதந்திர இந்தியா 1959-ல் புதுச் சட்டம் செய்தது. அதன்படி துப்பாக்கி என்றால் முழுத் துப்பாக்கி மட்டுமல்ல. அதன் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரமும் அதில் அடக்கம். உரிமமின்றித் தயாரித்தால் முன்பு 3 முதல் 7 ஆண்டு சிறை. 2019 திருத்தத்திற்குப் பின் குறைந்தது 7 ஆண்டு, கூடினால் ஆயுள்! 2023-ல் உச்ச நீதிமன்றமே கள்ளத்துப்பாக்கிப் பிரச்சினையைத் தானாக முன்வந்து கையில் எடுத்தது.

இந்தக் கண்டிப்பை நாம் எதிர்க்கவில்லை. கள்ளத்துப்பாக்கி யார் கையில் இருந்தாலும் பலியாவது அப்பாவிதான். ஆனால், குழாயின் நெற்றியில் எழுதியா இருக்கிறது? தண்ணீர் பம்புக்கும் குழாய்தான், நாட்டுத் துப்பாக்கிக்கும் குழாய்தான். கடைந்தவன் அறிந்து செய்தானா என்பதே கேள்வி.

ஆயுதம் வைத்திருந்ததாகத் தண்டிக்க, அது தன்னிடம் இருப்பதை அவன் அறிந்திருக்க வேண்டும் என்று 1972-ல் குன்வந்த்லால் வழக்கிலும், 1994-ல் சஞ்சய் தத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. உரிமமின்றி வைத்திருந்த குற்றத்திற்கு வழக்குத் தொடர மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் தேவை. தயாரித்த குற்றத்திற்கோ அந்த அனுமதி தேவையில்லை! பட்டறைக்காரர்கள் இதை மனதில் வையுங்கள்.

அப்படியானால் உங்களுக்குப் பாதுகாப்பு எது? உங்கள் கணக்குப் புத்தகம்தான். ஆர்டர் தந்தவர் பெயர், முகவரி, வரைபடம், பில் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். எதற்கு இந்தப் பாகம் என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் திருப்பி அனுப்புங்கள். "பில் வேண்டாம், கூலி இரண்டு மடங்கு" என்பவன் உங்கள் ஏழு ஆண்டுகளை விலை பேசுகிறான்!

அதிகாரிகளுக்கும் ஒரு கோரிக்கை. ஐ.நா.வின் 2001 துப்பாக்கி நெறிமுறை, குழல், சட்டகம், சிலிண்டர், போல்ட் என்று பாகங்களைப் பெயர் சொல்லி வரையறுக்கிறது. அதுபோல எது கூடாது என்பதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பட்டறைக்கும் தாருங்கள். முதலில் அறிவிப்பு, பிறகு சோதனை. அதுதான் நியாயம்.